குழந்தைகளின் உறக்க மூச்சுத்தடையும் மூளைச் செயற்பாடும்

குழந்தைகளின் உறக்க மூச்சுத்தடைக்கு டான்சில், அடினாய்டு ஆகிய சதைகளின் பருமனே பெரும்பாலும் காரணமாகும். மேல்மூச்சுப்பாதை அடைபடும்போது குருதியில் ஆக்சிஜன் குறைகிறது. பல வேளைகளில் மூளை சில நொடிகள் விழிப்புற்று மூச்சை மீட்கிறது. இந்நுண்விழிப்புகளைக் குழந்தை உணர்வதில்லை. மூளை மின்னலை வரைவே அவற்றைக் காட்டுகிறது. உறக்கம் இவ்வாறு துண்டாடப்படுவதால் பகலில் கவனக்குறைவும் மிகையியக்கமும் தோன்றுகின்றன. இவை குறும்பெனக் கருதப்படுவதும் உண்டு.

அமெரிக்காவில் 5 முதல் 9 வயதுவரையுள்ள 464 குழந்தைகளிடம் நிகழ்த்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வில், விரைந்து அறுவை சிகிச்சை பெற்றோரின் நடத்தையும் உறக்கமும் 7 மாதங்களில் காத்திருந்தோரைவிட மேம்பட்டன. ஆயினும் கவனத்தை அளக்கும் தேர்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எனவே, மூச்சு சீரானவுடன் மூளைச் செயற்பாடு முழுமையும் சீராகும் எனக் கொள்ளுதல் பொருந்தாது.