பாதி சாம்பலாய்த் திறக்கும் படம்

மலையக மக்கள் இங்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை 2023இல் நினைவுகூர்ந்தோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணமும் நடந்தது. அதன் பின் என் வகுப்புத் தோழியர் சிலர் தங்கள் லயத்து வீடுகளிலுள்ள பழைய படங்களையும் பத்திரங்களையும் கைப்பேசியில் பிடித்து வைக்கத் தொடங்கினார்கள். 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இந்தியா போய்விட்ட உறவினருடைய ஒரே படம் சில வீடுகளில் இருக்கிறது. நம் மலை ஈரத்தில் அதுவும் வருடத்துக்கு வருடம் மங்கிக்கொண்டே போகிறது.

அப்படிப் பிடித்த படங்களைக் கணினிக்கு மாற்றும்போதுதான் சிக்கல். கோப்புறையைத் திறந்தால் சிறு படங்கள் வரிசையாக, அழகாகத் தெரியும். ஒன்றைப் பெரிதாகத் திறந்தால் பாட்டியின் முகம் மட்டும் இருக்கும். கழுத்துக்குக் கீழே முழுவதும் சாம்பல் நிறம்.

ஏன் இப்படி? பெரும்பாலான கைப்பேசிகள் படத்தை 1992இல் வந்த ஜேபெக் முறையில் சேமிக்கின்றன. படம் 8க்கு 8 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாக, வழக்கமாக மேலிருந்து கீழாகத் தொடர்ந்து எழுதப்படுகிறது. முந்திய கட்டத்தைச் சரியாக வாசித்தால்தான் அடுத்ததை வாசிக்க முடியும். தஸ்பீஹ் நூல் ஓரிடத்தில் அறுந்தால் அதற்குப் பின்னுள்ள மணிகள் எல்லாம் உதிர்கின்றன அல்லவா, அது போலத்தான். சிறு படம் மட்டும் முழுதாகத் தெரிவதற்குக் காரணம், அது கோப்பின் தொடக்கத்திலேயே தனியாக வைக்கப்பட்டிருப்பது. ஆகவே சிறு படத்தை நம்பி “எல்லாம் வந்துவிட்டது” என்று கைப்பேசியில் அழித்துவிடாதீர்கள்.

நூல் அறுவது பெரும்பாலும் பாதி வழியில்தான். வயர் தளர்ந்திருக்கலாம். ஹட்டன் பக்கத்தில் மே மாதத்திலிருந்து காற்றும் மழையும் தொடங்கினால் மின்சாரம் எந்நேரம் போகும் என்று யாருக்கும் தெரியாது.

இப்படி நேர்ந்தால் முதலில் கணினியை விட்டுவிட்டு, அதே படத்தைக் கைப்பேசியில் திறந்து பாருங்கள். அங்கே நன்றாக இருந்தால் கெட்டது பிரதி மட்டுமே. வேறு வயரில், மேசைக் கணினியானால் அதன் பின்பக்கத் துளையில் செருகி, ஐம்பது நூறு படங்களாகப் பிரித்து மறுபடி எடுக்கலாம். ‘கட்’ வேண்டாம், ‘கொப்பி’ மட்டும். பிறகு இரண்டு இடத்திலும் கோப்பின் அளவை ஒப்பிடுங்கள். ஒரே அளவாக இருந்தாலும் சில படங்களைப் பெரிதாக்கிக் கடைசி வரை பார்த்துவிடுங்கள்.

கைப்பேசியிலும் கெட்டிருந்து, படங்கள் மெமரி கார்டில் இருந்தால், அதில் மேலும் ஒரு படம்கூட எடுக்க வேண்டாம். ‘ஃபோர்மட் செய்யவா?’ என்று கணினி கேட்டால் மறுத்துவிடுங்கள். கிறிஸ்தோஃப் கிரெனியே என்பவர் எழுதிய ‘ஃபோட்டோரெக்’ என்ற இலவச மென்பொருள் கார்டில் எஞ்சியுள்ள படங்களைத் தேடி எடுக்கும். எடுத்ததைக் கணினியில்தான் சேமிக்க வேண்டும், அதே கார்டில் அல்ல. ஆனால் எழுதப்படாமலே போன பாதியை எந்த மென்பொருளாலும் கொண்டுவர முடியாது. கொண்டுவருவதாகச் சொல்பவை இட்டுக்கட்டித்தான் நிரப்புகின்றன. காகிதப் படம் இன்னும் வீட்டில் இருந்தால் திரும்பப் போய்ப் பிடிப்பதே நல்லது.

பெற்றோருக்கு ஒன்று. பெண்பிள்ளைகளின் படங்கள் உள்ள கைப்பேசியைக் கடையில் கொடுக்க நீங்கள் தயங்குவது நியாயம்தான். மேலே சொன்ன எதற்கும் கடை தேவையில்லை. உங்கள் மகளே வீட்டில் செய்வாள்.

ஐபோன் படங்கள் திறக்காவிட்டால் அவை கெட்டவை என்று நினைக்க வேண்டாம். 2017 முதல் அது ஹீக் என்ற வேறு முறையில் சேமிக்கிறது. பழைய விண்டோஸ் கணினிகளுக்கு அது தெரியாது. மாற்றும்போது பாதியில் நின்றால், அமைப்புகளில் ‘போட்டோஸ்’ பகுதியில் ‘கீப் ஒரிஜினல்ஸ்’ என்பதைத் தெரிவு செய்து பாருங்கள். வட்சப்பில் அனுப்புவதானால் படமாக அல்லாமல் ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். பத்திரத்திலுள்ள சிறிய எழுத்துகள் பிறகு வாசிக்க வராது.