அளவையும் செவியும்

யாழ்ப்பாணம் ஓர் இசைக்கருவியின் பெயரைத் தன் பெயரிற் கொண்ட நாடு. யாழ் வாசித்து மணற்றிடரைப் பரிசிலாகப் பெற்ற பாணனது கதை வரலாறோ புனைவோ என்னும் ஆராய்ச்சி ஈண்டு வேண்டுவதன்று. அக்கருவி எழுப்பிய ஒலியைச் செவியாற் கேட்டறிந்தார் இன்று ஒருவருமிலர் என்பதே கருதத் தக்கது. மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராக ஒருகால் விளங்கிய விபுலாநந்த அடிகள், 1947இல் வெளிவந்த யாழ்நூலிலே, பண்டை நூற் சான்றுகளையும் கணிதத்தையும் துணைக்கொண்டு அவ்விசையை மீட்டுக் காண முயன்றார். அவருக்கு எண்கள் கிடைத்தன. அவ்வெண்களுக்குச் சான்று கூறப் பண்டைச் செவி கிடைத்திலது.

பிற்காலத்து இசைக்கு அத்தகைய இழப்பு நேர வேண்டுவதில்லை. யாழ்ப்பாணத்துத் தவில் மேதை தட்சிணாமூர்த்தி 1975இல் மறைந்தாராயினும் அவர் வாசிப்பு ஒலிப்பதிவுகளில் வாழ்கின்றது. கோயில் திருவிழாக் கச்சேரிகளும், புராணபடனங்களும், பாட்டிமார் பாடிய தாலாட்டுகளும் இல்லங்கள் பலவற்றில் கசற் நாடாக்களிலே கிடக்கின்றன. அவற்றை எண்முறைப் பதிவுகளாக மாற்ற முற்படுவோரை ஒரு வினா தடுத்து நிறுத்துகின்றது. சில ஆயிரம் ரூபாவுக்குக் கிடைக்கும் மாற்றிக் கருவி போதுமா? இலட்சம் ரூபாப் பெறும் கருவி வேண்டுமா? அளவுகோல் கொண்டு சோதிப்போர் ஒன்று கூறுவர். காதாற் கேட்டு மதிப்பிடுவோர் வேறொன்று கூறுவர்.

முதலில் இக்கருவியின் தொழிலை அறிதல் வேண்டும். ஒலியலையின் உயரத்தை ஒரு செக்கனுக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்ணாகக் குறிப்பது ஒருவகை மாற்றி. அவ்வெண்களை மீண்டும் மின்னலையாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புவது மற்றொரு வகை. 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டு, செக்கனுக்கு 44,100 அளவீடுகளையும், ஒவ்வோர் அளவீட்டுக்கும் 65,536 படிகளையும் கொண்டது. தொடக்ககால மாற்றிகள் பல, இப்படிகளைத் தடையிகளின் வரிசையாற் பெற்றன. அத்தடையிகளுள் மிகப் பெரிய பங்கினைத் தாங்குவது சிறிதே பிழைத்தாலும் கடைசிப் படிகள் பொருளற்றுப் போகும். ஆதலின் நுட்பமான தடையிகளும் அவற்றைச் சரிசெய்யும் உழைப்பும் விலையை உயர்த்தின. பின்னர்ப் பரவிய முறையோ வேறு. படிகளைச் சிலவாகக் குறைத்து, வேகத்தைப் பன்மடங்கு கூட்டி, அதனாலெழும் இரைச்சலைச் செவிக்கெட்டாத உயர் மீடிறன்களுக்குத் தள்ளி, அங்கே வடிகட்டி நீக்குவது அது. தடையியின் நுட்பம் செய்த வேலையைக் கணிதம் செய்யலாயிற்று. பெருவிரலளவு கருவியொன்று முற்காலத்து விலையுயர்ந்த கருவிகளை அளவையில் வென்றமைக்குக் காரணம் இதுவே.

அளவை செய்யப்படும் முறை எளிது. 1,000 ஹேட்ஸ் மீடிறனுள்ள தூய சுரமொன்றைக் கருவிக்குக் கொடுத்து, வெளிவருவதில் அச்சுரத்தை நீக்கியபின் எஞ்சுவது எவ்வளவு என்று காண்பர். எஞ்சுவது இரைச்சலும் திரிபுமாம். அது சுரத்திற்கு 100 டெசிபெல் கீழே நின்றால், சுரத்தின் வீச்சில் இலட்சத்திலொரு பங்கு என்பது பொருள். 120 டெசிபெல் எனின், பத்திலட்சத்திலொரு பங்கு. இக்காலத்து மலிவான கருவிகளுட் பல முதல் எல்லையை எட்டிவிட்டன. அமைதியான அறையிற்கூட ஏறத்தாழ 30 டெசிபெல் ஒலி உண்டு. அங்கே 100 டெசிபெல் உரப்புடன் இசை முழங்கினும், நூறு டெசிபெல் கீழே நிற்கும் எச்சம் கேள்விப்புலனின் விளிம்பிலே, அறையின் ஓசைக்கும் அடியில் அமிழ்ந்து கிடக்கும். மின்விசிறி சுழலும் யாழ்ப்பாணத்து வீட்டில் அதனைத் தேடுவது வீண். எனவே 100க்கும் 120க்கும் இடையே தரவரிசை வகுப்பது பொறியியலாளர்க்குப் பெருமை தரலாம். கேட்போர்க்குப் பயன் தருவதன்று.

அங்ஙனமாயின், ஒரு கருவி இனியது, மற்றொன்று வறண்டது என்று பழகிய இரசிகர் கூறுவது பொய்யோ? பொய்யென்று தள்ளுதல் அவசரமாகும். இரு கருவிகளுள் ஒன்று சிறிதே உரத்து ஒலித்தால், செவி அதனை உரப்பு என உணராது தெளிவு என்றே உணரும். செவி எல்லா மீடிறன்களையும் ஒரே தன்மையாய்க் கேளாது என்பதும், உரப்புக் குறையுந்தோறும் தாழ்ந்த சுரங்கள் விரைந்து மறையும் என்பதும் பிளெச்சர், மன்சன் என்போர் 1933இல் வெளியிட்ட ஆய்வாற் புலனாயின. இதனோடு விலையும் பெயரும் மனத்தில் எழுப்பும் எதிர்பார்ப்பும் சேரும். இனி, உண்மையான மின்னியற் காரணங்களும் உள. கருவியின் வெளியீட்டுத் தடை மிகுதியானால், சிலவகைச் செவிப்பன்னிகளில் தாழ்ந்த சுரங்களும் உயர்ந்த சுரங்களும் வேறுவேறு அளவிற் கூடிக் குறையும். 1,000 ஹேட்ஸில் எடுத்த ஒற்றையெண் இதனைக் காட்டாது. குற்றம் செவியினதன்று, அளவையைக் குறுக்கியவரதே.

ஆகவே செவியையும் சோதனைக்குட்படுத்துதல் முறை. மேயர், மோரன் என்னும் இருவர் 2007இல் வெளியிட்ட ஆய்விலே, உயர்தரப் பதிவுகளை நேரே ஒருமுறையும், குறுந்தட்டின் தரமுள்ள மாற்றியினூடே ஒருமுறையும் செலுத்தி, எது எதுவெனச் சொல்லாது கேட்பித்தனர். 554 சோதனைகளிற் சரியான விடை 276. காசு சுண்டிப் பார்த்தாலும் ஏறக்குறைய அதுவே கிடைத்திருக்கும். இசையில்லாத இடைவெளியில் உரப்பை மிக உயர்த்தியபோது மட்டுமே மாற்றியின் இரைச்சல் வெளிப்பட்டது. 2016இல் றைஸ் என்பார், 18 ஆய்வுகளின் 12,500க்கு மேற்பட்ட சோதனைகளைத் தொகுத்து, குறுந்தட்டின் தரத்தை விஞ்சிய பதிவுகளை வேறுபடுத்தி அறியும் திறன் 52.3 வீதம் எனக் கண்டார். பயின்ற செவிகள் அதனினும் மேம்பட்டன. வேறுபாடு அறவே இல்லை என்பதும், வானுக்கும் பூமிக்கும் உள்ள வேறுபாடு என்பதும் ஒருங்கே பிழை.

திரிபெல்லாம் செவிக்குத் தீதென்று கொள்வதற்கும் தடையொன்று உண்டு. தம்புராவின் குதிரை வளைந்த மேற்பரப்புடையது. அதற்கும் தந்திக்கும் இடையே நூலொன்று செருகப்படும். தந்தியை ஓரிடத்தில் மீட்டினால், அவ்விடத்தே அசையாப் புள்ளியுடைய மேற்றொனிகள் எழலாகா என்பது பழைய விதி. தம்புராவிலோ அவை எழுகின்றன என்பதை ச. வே. இராமன் 1921இல் எடுத்துக்காட்டினார். நூலை அகற்றினால் அவ்வொளி மங்கிவிடும். அந்நூலுக்குச் சீவா என்று பெயரிட்ட கலைஞர், அதனையே கருவியின் உயிராகக் கொண்டனர். மேற்றொனி சேர்க்கும் மாற்றிகளை இனியவை எனச் சிலர் விரும்புவதும் இதுபோன்றதே. அதில் இழிவில்லை. ஆயினும் தம்புராவின் நூலை இடம்பார்த்து நகர்த்துபவர் பாடகர். மாற்றியோ தம்புராவுக்கும் தவிலுக்கும் ஒப்பாரிக்கும் ஒரே சாயத்தைப் பூசும். கேட்கும் வேளையில் வேண்டுவோர் பூசிக்கொள்ளலாம். பதிவு செய்யும் வேளையிற் பூசினால் அது பின்னர் நீங்காது.

இனி நாடாக்களுக்கு வருவோம். கசற் நாடா செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் நகர்வது. இரைச்சலுக்கு மேல் அது தரும் இடைவெளி பொதுவாக 50 முதல் 60 டெசிபெல் வரையே. 100 டெசிபெல் எட்டும் மலிவான மாற்றியின் குறை, நாடாவின் குறையினும் நூற்றிலொரு பங்குக்கு மேற்படாது. அங்ஙனமிருக்க, மாற்றிக்கு இலட்சம் செலவிட்டு, அழுக்கேறிய தலையுள்ள பழைய இயக்கியில் நாடாவை ஓட்டுவது, ஓட்டைத் தோணிக்குப் பட்டுப் பாய் கட்டியதை ஒக்கும். தலையைத் துடைத்தலும், நாடாவுக்கு அது செங்குத்தாய் நிற்குமாறு திருகாணியைத் திருப்புதலுமே முதற் கடன். ஒவ்வொரு நாடாவும் பதிவான இயக்கியின் சாய்வைத் தன்னகத்தே கொண்டிருப்பதால், திருகாணியை மெல்லத் திருப்பிச் சீவாளியின் கூர்மையும் தாளத்தின் கணீரென்ற ஓசையும் எங்கே தெளிகின்றன என்று கேட்டே நிறுத்தல் வேண்டும். அங்கே செவியே அளவுகோல். கணினியும் இயக்கியும் வெவ்வேறு மின்செருகிகளில் இணைக்கப்படும்போது எழும் 50 ஹேட்ஸ் முரலலும் மாற்றியின் எக்குறையினும் பெரிது.

பணம் குறைந்தோர் பேண வேண்டிய விதி மற்றுமொன்று உண்டு. தவிலின் அடி கணப்பொழுதில் உச்சத்தைத் தொடும்; எண்களின் மேலெல்லையைத் தாண்டினால் அலையின் தலை வெட்டுண்டு போகும். செக்கனுக்கு 48,000 அளவீடுகளும் 24 இருமவெண்களும் கொண்டு, உச்ச அடிக்கு மேலே 12 டெசிபெல் இடம்விட்டுப் பதிவது தகும். அவ்வளவு இடம் விட்டாலும் கசற்றின் இரைச்சல் மாற்றியின் இரைச்சலுக்கு மேலேதான் நிற்கும்.

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. 1995இல் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது இல்லங்களில் விட்டுச்சென்றவற்றுள் நாடாக்கள் எத்தனை என்று எண்ணியவர் இலர். எஞ்சியவை ஈரப்பதத்தாலும் வெப்பத்தாலும் நாளும் நலிகின்றன. அவற்றை ஓட்டும் இயக்கிகளும் அருகி வருகின்றன. சிறந்த மாற்றிக்குப் பணம் சேரட்டும் என்று காத்திருக்கும் வீட்டில், நாடாவின் காந்தப் பூச்சு உதிர்ந்துகொண்டிருக்கும்.