ஐந்து மைல் கோடு

மீன் உருண்டைக்கு அரைபடும் மீன்களில் கெரிசியும் ஒன்று. தமிழ்நாட்டில் சங்கரா என்பார்கள். கடலின் அடியை ஒட்டி வாழ்கிற மீன். ஒன்றிரண்டு போதுமென்றால் தூண்டில் போடலாம், டன் கணக்கில் வேண்டுமென்றால் அடியைச் சுரண்டத்தான் வேண்டும். அதற்கான வலையை மலாயில் புக்காட் துண்டா என்கிறார்கள், தமிழில் இழுவலை. கிள்ளானுக்கு மேற்கே விரியும் மலாக்கா நீரிணையில் இந்தத் தொழில் எழுந்ததையும் தேய்ந்ததையும் ஒரே தலைமுறை பார்த்துவிட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு படகில் எஞ்சினும் கையில் நைலான் வலையும் வந்தன. 1960களின் தொடக்கத்தில் ஜெர்மானிய உதவியோடு தாய்லாந்து வளைகுடாவில் இழுவலை பரவியது. சில ஆண்டுகளில் நம் மேற்குக் கரையிலும் அது இறங்கிவிட்டது. பை போன்ற வலை, அதன் வாயை விரித்துப் பிடிக்க இரண்டு பலகைகள், பின்னால் மீன் சேரும் மடி. மடியின் கண் 38 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது விதி. ஆனால் இழுக்கும்போது கண்கள் நெருங்கிவிடும். குஞ்சும் சேறும் சேர்ந்தே வரும்.

கரையோரச் சிறு படகுக்காரர்கள் பொறுக்கவில்லை. 1964 முதல் 1976 வரை நூற்றுக்கும் மேற்பட்ட மோதல்கள் நடந்தன. படகுகள் எரிந்தன, 34 மீனவர்கள் இறந்தார்கள். இதை மலாய்–சீன இனச் சண்டையாக மட்டும் பார்ப்பது சோம்பேறித்தனம். சிறு படகுகளில் மலாய்க்காரர்களோடு சீனர்களும் இருந்தார்கள்.

மலேசிய அரசு 1981இல் கடலைக் கோடு போட்டுப் பிரித்தது. கரையிலிருந்து 5 கடல் மைல், அதாவது 9 கிலோமீட்டர் சொச்சம், சிறு படகுகளுக்கு. 5 முதல் 12 மைல் வரை 40 டன்னுக்குக் குறைந்த இழுவைப் படகுகளுக்கு. பெரியவை அதற்கும் அப்பால். காகிதத்தில் நல்ல ஏற்பாடுதான். ஆனால் காசு இருப்பது இறாலில். அந்த இறாலோ கிள்ளான் தீவுகளின் அலையாத்திக் காடுகளை ஒட்டிய ஆழமில்லாச் சேற்றில், கோட்டுக்கு உள்ளே இருக்கிறது. வெளியே போகச் சொன்ன படகு இரவில் உள்ளே திரும்பியதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். அப்படியே வெளியே போனாலும் எவ்வளவு தூரம்? நீரிணை குறுகலானது, எதிரே இந்தோனேசிய எல்லை. ஆழ்கடல் மீன்பிடிப்பு என்று நாம் சொல்வதற்கு இந்தக் கரையில் கடலே போதாது.

எதிர்க்கரையில் இந்தோனேசியா வேறு வழியில் போனது. 1980இல் அதிபர் ஆணை 39 வழியாக இழுவலையைத் தடைசெய்தது. இலங்கை 2017இல் சட்டமே இயற்றியது. ராமேஸ்வரம் படகுகள் பாக் நீரிணையில் பிடிபடும் செய்தியை இங்கே பரிதாபத்தோடு படிக்கிறோம். நம் வாசலில் நடந்ததும் அதே கதைதான் என்பது ஏனோ உறைப்பதில்லை. தோட்டத்துக்கும் ரயிலுக்கும் துறைமுகத்துக்கும் வந்த நம்மவருக்குக் கடல் பெரும்பாலும் தட்டில்தான் அறிமுகம் என்பதாலோ என்னவோ.

மீன்வளத் துறையின் ஆய்வு இழுவைகளை வைத்துப் பார்த்தால், தொடக்க காலத்தில் இருந்த அடிமீனில் இன்று ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். தொழில் அப்படியும் சாகாததற்கு டீசலும் ஒரு காரணம். 2024 ஜூனில் தீபகற்பத்தில் பொதுமக்களுக்கு லிட்டர் 3.35 ரிங்கிட் ஆனபோதும் மீனவருக்கு 1.65தான். சிறு படகுக்கு அது உயிர்மூச்சு, சந்தேகமில்லை. ஆனால் மீனே இல்லாத கடலை மணிக்கணக்கில் உழுகிற பெரிய எஞ்சினையும் அதே சலுகைதான் ஓட்டுகிறது.

கிள்ளான் துறைமுகத்திலிருந்து படகேறினால் பூலாவ் கெத்தாம், நண்டுத் தீவு. கால்களில் நிற்கும் வீடுகள். அங்கே பலர் கூண்டு மீன் வளர்ப்புக்கு மாறிவிட்டார்கள். கொடுவாவும் களவாவும் கூண்டில் கொழுக்கின்றன. அவற்றுக்கு இரை இக்கான் பாஜா, அதாவது இழுவலை அள்ளி வரும் கழிவுப் பொடிமீன். அதில் கெரிசிக் குஞ்சும் கிடக்கும்.