இரு நகரங்களுக்கு இடையேயான வான்வழித் தொலைவும் பயண நேரமும்

இரு நகரங்களுக்கு இடையேயான வான்வழித் தொலைவு என்பது அவற்றின் விமான நிலையங்களைப் புவிப்பரப்பின் மீது இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளமாகும். புவி உருண்டையானது என்பதால் இக்கோடு வில்லாக வளைந்திருக்கும். புவியைச் சரிபாதியாகப் பிரிக்கும் பெருவட்டம் ஒன்றின் பகுதி அது. இத்தொலைவு மாறாதது, பயண நேரமோ திசைக்கும் காற்றுக்கும் ஏற்ப மாறும். நியூயார்க் (கென்னடி) – லண்டன் (ஹீத்ரோ) வழித்தடம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

தொலைவைக் கணக்கிடும் முறை

கென்னடி நிலையம் 40.64° வடக்கு, 73.78° மேற்கிலும், ஹீத்ரோ 51.47° வடக்கு, 0.45° மேற்கிலும் உள்ளன. நெட்டாங்கு வேறுபாடு 73.33°.

1. இரு அகலாங்குகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குக: 0.5095.
2. இரு அகலாங்குகளின் கோசைன் மதிப்புகளையும் நெட்டாங்கு வேறுபாட்டின் கோசைனையும் பெருக்குக: 0.1356.
3. இரண்டையும் கூட்டுக: 0.6451. இது ஏறத்தாழ 49.83° கோணத்தின் கோசைன் ஆகும்.

புவி மையத்தில் 1° என்பது 60 கடல் மைல்; 1 கடல் மைல் 1.852 கி.மீ. எனவே தொலைவு சுமார் 2,990 கடல் மைல், அதாவது 5,540 கி.மீ. புவி துருவங்களில் சற்றே தட்டையானது என்பதையும் கணக்கில் கொண்டால் 5,550 கி.மீ. அளவில் வரும்.

மெர்க்காட்டர் வரைபடத்தில் அளவுகோல் வைத்து இழுக்கும் நேர்கோடு உண்மையில் சுமார் 5,750 கி.மீ. நீளமுடையது. பெருவட்டப் பாதையோ லண்டனை விட வடக்கே ஏறி, பின் தெற்கே இறங்குகிறது. வரைபடத்தில் சுற்றுவழி போலத் தோன்றும் அதுவே குறுக்குவழி.

பயண நேரம்

விமானம் காற்றைச் சார்ந்து மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறப்பதாகக் கொள்வோம். அமைதியான காற்றில் 5,550 கி.மீ. கடக்க 6 மணி 10 நிமிடம் ஆகும். ஆனால் இவ்வுயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. அதன் வேகம் மணிக்கு 100 கி.மீ. எனில், லண்டன் செல்ல 5 மணி 33 நிமிடமும் திரும்பி வர 6 மணி 56 நிமிடமும் ஆகும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, ஏறுவது, இறங்குவது ஆகியவற்றைச் சேர்த்து, அட்டவணையில் முறையே 7, 8 மணி நேரம் அளவில் குறிக்கப்படுகிறது. 2020 பிப்ரவரியில் புயல்காற்றின் துணையால் ஒரு பயணிகள் விமானம் 4 மணி 56 நிமிடத்தில் லண்டனை அடைந்தது.

கடிகார வேறுபாடு

லண்டன் நேரம் பொதுவாக நியூயார்க்கை விட 5 மணி முந்தியது. நியூயார்க்கில் இரவு 7 மணிக்குப் புறப்பட்டு 7 மணி நேரம் பறந்தால், லண்டனில் காலை 7 மணி. பயணச்சீட்டைப் பார்ப்பவருக்கு 12 மணி நேரப் பயணமாகத் தோன்றும். எனவே இரு நேரங்களையும் ஒரே நேர வலயத்துக்கு மாற்றிய பின்னரே கழிக்க வேண்டும். கோடைகால நேரம் இரு நாடுகளிலும் வெவ்வேறு நாட்களில் தொடங்கி முடிவதால், ஆண்டில் சில வாரங்கள் இவ்வேறுபாடு 4 மணியாகக் குறையும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.