பெயரும் மரபும்: கஞ்சா வகைகளின் பூர்விகம் குறித்த மரபணுச் சான்றுகள்

திறவுச்சொற்கள்: கஞ்சா, மரபணுச் சோதனை, சட்டிவா, இண்டிகா, பூர்விகம், வகைப்பாடு

பெயர்களின் இடமாற்றம்

1753ஆம் ஆண்டில் லின்னேயஸ், ஐரோப்பாவில் நாருக்காகப் பயிரிடப்பட்ட செடியைக் கன்னாபிஸ் சட்டிவா எனப் பெயரிட்டார். 1785இல் லாமார்க், இந்தியாவிலிருந்து கிடைத்த செடிமாதிரிகளைக் கொண்டு கன்னாபிஸ் இண்டிகா என்னும் வேறொரு சிற்றினத்தை வரையறுத்தார். வட அமெரிக்கக் கஞ்சா வணிகத்தில் இவ்விரு சொற்களும் இன்று வேறு பொருளில் வழங்குகின்றன. உயர்ந்து வளர்ந்து குறுகிய சிற்றிலைகளைக் கொண்டிருப்பது ‘சட்டிவா’ என்றும், குட்டையாக அகன்ற சிற்றிலைகளுடன் வளர்வது ‘இண்டிகா’ என்றும் விற்கப்படுகின்றன. முன்னதன் பூர்விகம் தெற்காசியா. பின்னதன் பூர்விகம் ஆப்கானிஸ்தான் பகுதி. அதாவது, லாமார்க் இண்டிகா என்றழைத்த இந்தியச் செடியின் வழிவந்ததே இன்றைய கடைகளில் சட்டிவா ஆகிவிட்டது. மெக்பார்ட்லண்டும் ஸ்மாலும் 2020இல் வெளியிட்ட வகைப்பாட்டில் இக்குழப்பத்தைச் சுட்டி, தெற்காசிய, நடு ஆசியச் செடிகளை நான்கு வகைகளாகப் பிரித்துள்ளனர்.

குழப்பத்தின் காரணம்

ஒட்டுமாங்கன்று தாய்மரத்தின் மரபையே கொண்டிருப்பதுபோல, போத்து நட்டு வளர்த்த கஞ்சாச் செடியும் தாய்ச்செடியின் மரபையே கொண்டிருக்கும். விதையிலிருந்து வளர்வது அவ்வாறன்று. கஞ்சாவில் ஆண், பெண் பூக்கள் பெரும்பாலும் தனித்தனிச் செடிகளில் தோன்றுகின்றன. மகரந்தம் காற்றில் பரவுகிறது. எனவே ஒரே காயின மரபிலிருந்து எடுத்த விதைகளும் ஒன்றுபோல் அமைவதில்லை. இதற்கு மேலாக, தடைச்சட்டங்களின் காலத்தில் கலப்பினப் பெருக்கம் மறைவிலேயே நடந்தது. நெல்லுக்கும் கோதுமைக்கும் உள்ளவை போன்ற இனப்பதிவேடோ சான்றுமாதிரியோ இவ்வகைகளுக்கு இல்லை. வாய்மொழியே வம்சாவளி ஆயிற்று.

சோதனை காட்டுவது

சாயரும் உடனாய்வாளர்களும் 2015இல் 81 போதைக்கஞ்சா மாதிரிகளையும் 43 நார்க்கஞ்சா மாதிரிகளையும் 14,031 ஒற்றை நியூக்ளியோட்டைடு மாறுபாடுகளின் அடிப்படையில் ஒப்பிட்டனர். இருவகையும் மரபணுத்தொகுதி முழுவதிலும் வேறுபட்டன; வேறுபாடு டி.எச்.சி.யை உண்டாக்கும் மரபணுக்களோடு நின்றுவிடவில்லை. நார்க்கஞ்சா, பலரும் எதிர்பார்த்ததற்கு மாறாக, வணிக ‘சட்டிவா’வைவிட ‘இண்டிகா’வுக்கே நெருக்கமாக இருந்தது. முழுச் சட்டிவா எனக் கூறப்பட்ட ஜமைக்கா வகை ஒன்று, முழு இண்டிகா எனக் கூறப்பட்ட ஆப்கானிய வகையோடு ஏறத்தாழ ஒத்திருந்தது. ஒப்பிடத்தக்க 17 பெயர்களில் 6இல், மாதிரிகள் தம் பெயருடையவற்றைவிடப் பிற பெயருடையவற்றையே அதிகம் ஒத்திருந்தன.

ஷ்வாபேயும் மெக்லாக்லினும் 2019இல் 30 வணிகப் பெயர்களில் விற்கப்பட்ட 122 மாதிரிகளை ஆராய்ந்தபோதும் சட்டிவா, இண்டிகா பிரிவுக்குச் சீரான மரபணு ஆதாரம் கிட்டவில்லை. வலிக்கோ வலிப்புக்கோ இச்செடியை நாடும் நோயாளிக்கு இது சிறிய செய்தி அன்று: சென்ற மாதம் பயன் தந்த பெயரில் இம்மாதம் வருவது வேறு செடியாக இருக்கலாம். பெயரை மட்டும் குறித்து எழுதப்பட்ட மருந்தியல் கட்டுரைகளின் முடிவுகளும் இதனால் மறுஆய்வுக்கு உரியனவாகின்றன. எனினும் அப்பெயர்கள் முற்றிலும் வெறுமையானவை அல்ல. 2021இல் வாட்ஸ் குழுவினர் 297 மாதிரிகளை ஆராய்ந்து, மிர்சீன் முதலிய சில டெர்பீன்களின் அளவோடு அவை ஓரளவு பொருந்துவதைக் கண்டனர். பெயர் மணத்தைச் சுட்டுகிறது, மரபைச் சுட்டுவதில்லை எனலாம்.

பூர்விகத்தின் எல்லை

அதே ஆண்டில் ரென் குழுவினர் 110 முழு மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டு, கஞ்சா கிழக்காசியாவில் ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முன் பயிராக்கப்பட்டது என்றும், நாருக்கும் போதைக்குமான கிளைகள் ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் பிரியத் தொடங்கின என்றும் கணித்தனர். தூய காட்டு மூதாதைச் செடி அழிந்திருக்கக்கூடும். இன்று சீனத்தில் தானே வளர்பவை பழைய பயிர்கள் மீண்டும் காடேறியவை என்பதும் அவர்கள் கருத்து. வணிக ஆய்வகங்கள் தரும் பூர்விக விழுக்காடுகளை இதனோடு சேர்த்தே படிக்க வேண்டும். எந்தச் சோதனையும் ஒரு மாதிரியைத் தன் தரவுத்தொகுப்பில் உள்ள பிற மாதிரிகளோடு மட்டுமே ஒப்பிடுகிறது. அத்தொகுப்பில் ‘ஆப்கானிய’ முகவரியோடு இருப்பது கடைப்பெயரால் அவ்வாறு குறிக்கப்பட்ட செடியாக இருந்தால், பழைய பிழையே விழுக்காட்டு வடிவில் திரும்பி வரும்.