நடப்பவர்களுக்கும் நிதி

திருப்பூர்–அவிநாசி சாலையில், பாத்திரத் தொழிலுக்குப் பேர்போன அனுப்பர்பாளையத்தில், ஷிப்டு முடிந்து பஸ் பிடிக்கும் பனியன் தொழிலாளிக்கு முதல் தேவை பத்திரமாகச் சாலையைக் கடப்பது. அதற்குப் பொதுப்பணம் ஒதுக்க முடியும் என்பதைச் சென்னை காட்டியது. போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடைபாதைக்கும் சைக்கிள் வசதிக்கும் என்றது 2014-இல் அதன் மாநகராட்சி ஏற்ற கொள்கை. 2023 மே மாதம் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைத்து 570 மீட்டர் ஆகாய நடைபாதை திறக்கப்பட்டது. செலவு சுமார் 28 கோடி ரூபாய். சீர்மிகு நகரத் திட்டப் பணம். லிஃப்ட், எஸ்கலேட்டரும் உண்டு.

2017-இல் திருப்பூரும் அத்திட்டத்தில் சேர்ந்தது. எல்லா ஊருக்கும் பாலம் வேண்டியதில்லை. இந்திய சாலைப் பேரவை கேட்பது தடையற்ற 1.8 மீட்டர் அகல நடைபாதை, 15 செ.மீ.க்கு மேல் உயராத விளிம்பு. மூட்டுவலிக்காரரும் ஏறக்கூடிய உயரம் அது.