கொல்லிமலையில் காணாமல் போன சாமை!

விரட்டியது யார்? மீட்டது எப்படி?

ஆள் காணாமல் போனால் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்கலாம். சைக்கிள் காணாமல் போனாலும் கொடுக்கலாம். ஒரு தானியமே காணாமல் போனால் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது?

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் அப்படி ஒரு சம்பவம் நடந்தது. தலைமுறை தலைமுறையாக அந்த மலை ஜனங்களுக்குச் சோறு போட்ட சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு எல்லாம் காட்டை விட்டு ஒவ்வொன்றாக வெளியேறின. சத்தம் இல்லை, கலாட்டா இல்லை. வெளியூர்க்காரர் யாருக்கும் தெரியவும் இல்லை.

பிறகு ஊர் கூடி அதை மீட்ட கதைதான் இது. தெருக்கோடியில் காலி மனை சும்மா கிடக்கிறதே, எல்லோரும் சேர்ந்து நாலு செடி வைத்தால் என்ன என்று நினைக்கும் டவுன்காரர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. பயிர் வைக்க மண் மட்டும் இருந்தால் போதுமா, வேறு என்ன வேண்டும் என்ற கேள்விக்குக் கொல்லிமலையில் பதில் இருக்கிறது.

70 வளைவு ஏறினால்...

காரவள்ளி அடிவாரத்தில் இருந்து பஸ் ஏறத் தொடங்கினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். வயிற்றைக் கலக்கிக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்தால் குளுகுளு காற்று. கடல் மட்டத்துக்கு மேல் 1,000 மீட்டருக்கும் அதிக உயரம். செம்மேடுதான் மலையின் கடைத்தெரு.

ஆகாய கங்கை அருவியில் குளித்து, அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு, அன்னாசியும் பலாவும் மிளகும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவது சுற்றுலாக்காரர்களின் வழக்கம். ஆடிப் பெருக்கு சமயத்தில் வல்வில் ஓரி விழா நடக்கும்போது கூட்டம் தாங்காது. ஆனால் ரோட்டுக்கு அப்பால் சரிவுகளில் என்ன விளைகிறது என்று எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு.

இங்கே வசிப்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடி மக்கள். கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். பேசுவது தமிழ். வளவந்தி நாடு, சேலூர் நாடு, தேவானூர் நாடு, குண்டூர் நாடு என்று நாடு நாடாக ஊர்களைப் பிரித்து வாழ்கிறார்கள்.

இவர்களிடம் சாமை என்றால் ஒரே சாமை கிடையாது. கட்டவெட்டிச் சாமை, சடஞ்சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை என்று ரகம் ரகமாக உண்டு. தினையிலும் செந்தினை, பெருந்தினை என்று பல. எந்த மண்ணுக்கு எது, மழை பிந்தினால் எது என்று கணக்கு வைத்திருந்தார்கள். கடையில் விதை வாங்கும் பேச்சே இல்லை.

மூன்று எதிரிகள்

கோர்ட்டுப் பாஷையில் சொன்னால் இந்த வழக்கில் மூன்று எதிரிகள்.

முதல் எதிரி மரவள்ளிக் கிழங்கு. சேலம், ஆத்தூர், நாமக்கல் வட்டாரம் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் பேர் போனது. ஜவ்வரிசி உற்பத்தியாளர்களுக்காக சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் சேலத்தில் 1981-ல் தொடங்கியது. ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும். மலையில் ரோடு இருக்கிறது, லாரி ஏறுகிறது. சாமை போட்டால் சோறு. மரவள்ளி போட்டால் மொத்தமாகக் கையில் காசு! பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு என்று காசு தேவைப்படும் குடும்பம் எதைத் தேர்ந்தெடுக்கும்? சரிவு சரிவாக மரவள்ளி ஏறியது. மகாராஷ்டிரத்தில் விரதம் இருப்பவர்கள் சாப்பிடும் ஜவ்வரிசிக்காக இங்கே சாமைக்காடு இடத்தைக் காலி செய்தது.

இரண்டாவது எதிரி ரேஷன் அரிசி. இதைக் குற்றம் சொல்ல யாருக்கும் மனசு வராது. தமிழ்நாட்டில் கிலோ 2 ரூபாயாக இருந்த ரேஷன் அரிசி, 2008-ல் 1 ரூபாய் ஆனது. 2011-ல் இலவசமே ஆகிவிட்டது. பசித்த வயிற்றுக்கு அது பெரிய துணை. ஆனால் வீட்டு வாசலுக்கே அரிசி வந்த பிறகு, 'சாமைக்கு எதுக்குய்யா இவ்வளவு பாடு?' என்ற எண்ணம் வருவது இயல்புதானே!

மூன்றாவது எதிரிதான் பலே கைகாரன். அதன் பெயர் உலக்கை!

சாமையின் உமி லேசில் விடாது. உரலில் போட்டு இடிக்க வேண்டும், புடைக்க வேண்டும், மறுபடி இடிக்க வேண்டும். காட்டு வேலை, தண்ணீர், விறகு எல்லாம் முடிந்த பிறகு இந்த இடி வேலை பெண்கள் தலையில் விழும். ஒரு வேளைச் சோற்றுக்கு இத்தனை குத்து என்றால், ரேஷன் அரிசியைப் பார்த்ததும் எந்த அம்மாவும் உலக்கையை மூலையில் சாத்தத்தான் செய்வாள். வீட்டில் பொங்காத தானியத்தைக் காட்டில் ஏன் விதைக்க வேண்டும்? கதை அங்கேதான் முடிந்தது.

என்ன நஷ்டம்?

காசு வந்ததே, அப்புறம் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். கணக்கைப் பாருங்கள்.

பிடுங்கிய மரவள்ளிக் கிழங்கு இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. லாரி வந்தே ஆக வேண்டும். விலையைச் சொல்பவர் கீழே இருப்பவர். விலை விழுந்தால் கிழங்கை வைத்திருந்து பிறகு விற்கவும் முடியாது. 10 மாதம் காத்திருந்த குடும்பம் வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். சரிவு நிலத்தில் கிழங்கு பிடுங்கும்போது மண் இளகி மழையில் கரைந்து ஓடுவது தனி நஷ்டம்.

சாமையோ களஞ்சியத்தில் வருஷக்கணக்கில் கிடக்கும். லாரி வராவிட்டாலும் அடுப்பு எரியும். மழை குறைந்த வருஷத்திலும் ஏதாவது கொடுக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய நஷ்டம் விதை. இரண்டு மூன்று போகம் ஒரு ரகத்தை விதைக்காமல் விட்டால், வீட்டில் வைத்திருக்கும் விதையின் முளைப்புத் திறன் போய்விடும். பிறகு பணத்தைக் கொட்டினாலும் அந்த மல்லியச் சாமை எந்தக் கடையிலும் கிடைக்காது. நிலத்தை மீட்கலாம். செத்துப்போன விதையை மீட்க முடியாது.

ஊர்ப் பொதுவில் விதை வங்கி

எம்.எஸ். சுவாமிநாதன் 1988-ல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் இந்த மலைக்கு வந்தது. கோதுமைப் புரட்சிக்காக நாடே கொண்டாடிய விஞ்ஞானி அவர். 2023-ல் காலமானார், 2024-ல் பாரத ரத்னா விருது அறிவிக்கப்பட்டது. அவர் பெயரில் உள்ள நிறுவனமே சின்னஞ்சிறு சாமையைத் தேடி மலை ஏறியது குறிப்பிடத்தக்கது.

யாரிடம் எந்த விதை மிச்சம் இருக்கிறது என்று ஊர் ஊராகத் தேடினார்கள். வயதான பெண்களிடம்தான் அதிக விவரம் கிடைத்தது. கிடைத்த விதையை வைத்து ஊர்ப் பொதுவில் விதை வங்கிகள் ஏற்பட்டன. மலையில் தானியம் சேமிக்கத் தொம்பை என்று பழைய காலத்துக் களஞ்சியம் உண்டு. அதுதான் இந்த வங்கியின் லாக்கர்! விதை வேண்டியவர் வாங்கிப் போகலாம். அறுவடை ஆனதும் வாங்கியதற்கு மேல் கூடுதலாகப் போட்டு அளக்க வேண்டும். அதுதான் வட்டி. பணத்துக்கு அங்கே வேலை இல்லை.

அடுத்து உலக்கைக்கு வைத்தார்கள் வேட்டு. சாமை தீட்டும் சிறிய மில்கள் 2000-க்குப் பிறகு ஊர்களுக்கு வந்தன. பெண்கள் சுய உதவிக் குழுக்கள் அவற்றை நடத்தின. நாள் முழுக்க இடித்த வேலை சிறிது நேரத்தில் முடிந்தது. மாவு, ரவை, கலவை என்று பாக்கெட் போட்டு விற்கவும் வழி பிறந்தது. சாமை மறுபடி அடுப்புக்கு வந்தது. அடுப்புக்கு வந்ததால் காட்டுக்கும் வந்தது!

சர்க்கார் பக்கமும் காற்று திரும்பியது. 2013-ம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ரேஷனில் அரிசி, கோதுமையோடு சிறுதானியத்துக்கும் இடம் கொடுத்தது. 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டில் தர்மபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டம் தொடங்கியது.

அதற்காக எல்லாம் சுபம் என்று போர்டு மாட்டிவிட முடியாது. மலையில் மரவள்ளி இன்றும் நிறைய இருக்கிறது. காசு தேவை இருக்கும் வரை அது இருக்கத்தான் செய்யும். ஒரு பகுதி நிலத்திலாவது சாமை நின்றால், விதையும் பிழைக்கும், வீட்டுக்கும் ஒரு பிடிமானம் இருக்கும்.

டவுனுக்கு என்ன பாடம்?

இப்போது நம் தெருக்கோடிக் காலி மனைக்கு வருவோம். பெரிய மனைப்பிரிவுகளில் 10-ல் ஒரு பங்கு இடத்தைப் பொது உபயோகத்துக்கு விட வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. அப்படி விட்ட இடத்தில் முள்ளும் குப்பையும் மண்டிக் கிடப்பதைப் பார்க்காத நகரவாசி உண்டா?

வெளிநாட்டில் இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 1991-ல் சோவியத் யூனியன் உடைந்ததும் கியூபாவுக்கு வந்துகொண்டிருந்த பெட்ரோலும் உணவும் நின்றன. ஹவானா நகர ஜனங்கள் காலி மனைகளில் பாத்தி கட்டிக் காய்கறி போட்டார்கள். அரசாங்கமும் நிலத்தை வாடகை இல்லாமல் உழுதுகொள்ள விட்டது.

நம் ஊரில் முதல் நாள் மாலை போட்டு, போட்டோ எடுத்து, செடி நட ஆள் குறைவே இருக்காது. மூன்றாம் மாதம் தண்ணீர் ஊற்றுவது யார், விதையை எடுத்து வைப்பது யார், விளைந்ததைப் பங்கு பிரிப்பது யார், முக்கியமாக அந்த வேலை மொத்தமும் யார் தலையில் விழும் என்று முதலிலேயே பேசி முடிக்க வேண்டும். அதைப் பேசாத தோட்டம், இடிக்க ஆள் இல்லாத சாமை மாதிரிதான்.

அடுத்த தடவை கொல்லிமலைக்குப் போனால், அன்னாசிப் பழம் வாங்கும் கையோடு ஒரு கிலோ சாமையும் கேட்டு வாங்குங்கள். கேட்கிற ஆள் இருந்தால்தான் விதைக்கிற ஆள் இருப்பார்!